ஒரு தலைக்கட்டு, ஓர் ஆள்

1

“ஏரியில கால வெக்காதவ ஏரியப் பத்தி எழுதிக்கீறாளாம். அத்த நாம படிக்கணுமாம்.”

இதைச் சொன்னவர் ஏழுமலை அண்ணன். என் பெரியப்பா மகன். நான் கல்லூரியில் படித்தபோது ஆண்டு மலரில் பழவேற்காடு ஏரியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். அச்சில் என் பெயரைப் பார்த்த பெருமையில் அந்த மலரைக் குப்பம் முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன். அண்ணன் வலையைப் பிரித்து உதறிக்கொண்டிருந்தார். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களிடம் இதைச் சொன்னார், அவ்வளவுதான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நைனாவும் அம்மாவும் கைநாட்டு. எங்கள் குப்பத்துப் பெண்கள் மீன் விற்கப் போவார்கள், படகில் ஏற மாட்டார்கள். நான் விற்கவும் போகவில்லை. புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு ஏரியை ஒட்டிய சாலையில் பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வந்தேன். ஏரியை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தே வளர்ந்தேன்.

இப்போது நான் இன்னோர் ஏரியின் நடுவில் குடியிருக்கிறேன். போன மாதம் அதே அண்ணன் என்னிடம் ஒரு காகிதம் கேட்டார். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் இந்த ஊரைச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் காகிதத்தில் நடந்த கோளாறு புரியாது.

2

ஊரின் பெயர் ராட்ஸெபுர்க். ஜெர்மனியின் வடக்கே இருக்கிறது. முதுமக்களுக்கான மருத்துவமனையில் செவிலியராக வேலை கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“இன்னாது, ராட்சசபுரமா?” என்றாள். “பேரே சரியில்லியே. வேற ஊர் கெடைக்கலியா உனுக்கு?”

ஏரிக்கு நடுவே ஒரு தீவு. அதன் மேல் பழைய ஊர். தீவிலிருந்து மூன்று பக்கம் ஏரிக்குள்ளேயே கரை எழுப்பிச் சாலை போட்டு நிலத்தோடு சேர்த்திருக்கிறார்கள். அந்தக் கரைகள் ஏரியைத் துண்டு துண்டாக்கிவிட்டன. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர். ஒன்றின் பெயர் ‘சமையலறை ஏரி’. பிரபுவின் சமையலறைக்கு அங்கிருந்து மீன் போனதாம். என்னோடு வேலை பார்க்கும் பெண் சொன்னாள். மீனைப் பிடித்துக் கொடுத்தது யார் என்று கேட்டேன். “மீனவர்கள்” என்றாள். அது எனக்கும் தெரியும்.

தினமும் சைக்கிளில் கரையைத் தாண்டி வேலைக்குப் போகிறேன். இந்த ஏரியில் சேற்று வாடை இல்லை, உப்பு இல்லை, கடலுக்குப் போகும் வாயும் கண்ணில் படவில்லை. வாடை இல்லாத தண்ணீரை நம்ப எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. முதல் கோடையில் எல்லோரும் குதித்துக் குளித்தபோது நான் கரையில் நின்று, அடியில் என்ன இருக்கிறதோ என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஊரின் சரித்திரத்தைப் பலகைகளில் எழுதி மூலைக்கு மூலை நட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஒவ்வொன்றையும் மூன்று முறை படித்திருக்கிறேன். முதல் முறை மொழிக்காக, இரண்டாம் முறை விஷயத்துக்காக, மூன்றாம் முறை என்ன விடுபட்டிருக்கிறது என்று பார்க்க. டேனிஷ்காரர்கள் பீரங்கியால் சுட்டு இந்த ஊரை எரித்துவிட்டார்கள். தெருக்கள் இவ்வளவு நேராக இருப்பது அதனால்தான். எரிந்த பிறகு ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். தீவின் வடக்கு முனையில் செங்கல்லால் கட்டிய பெரிய தேவாலயம் அதற்கும் பல நூறு வருடம் மூத்தது. அந்த முனை மட்டும் போன நூற்றாண்டு வரை வேறொரு நாட்டுக்குச் சொந்தம். அரை மணி நேரத்தில் சுற்றி வரக்கூடிய தீவுக்கு இரண்டு ஆட்சி! ஏரித் தண்ணீரே இந்த ஊருக்குச் சொந்தமா, வடக்கே இருக்கும் பெரிய வணிக நகரத்துக்குச் சொந்தமா என்று ஒரு பழைய சக்கரவர்த்தியின் பட்டயத்தைக் காட்டிக் கோர்ட்டு வரை போயிருக்கிறார்கள் என்றும் படித்தேன். அது எனக்கு முழுவதும் விளங்கவில்லை. ஜெர்மனி இரண்டாக இருந்த காலத்தில் எல்லை ஏரியின் கிழக்குக் கரைப் பக்கம் ஓடியது. இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கத்து மரங்களைப் பார்க்கலாம், போக முடியாது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஆச்சரியம் வரவில்லை. பழவேற்காட்டில் பிறந்தவளுக்கு எப்படி வரும்? எங்கள் ஏரியின் மேலும் ஒரு கோடு போகிறது. வடக்கே ஆந்திரா, தெற்கே தமிழ்நாடு. தண்ணீரில் அந்தக் கோடு யார் கண்ணிலும் பட்டதில்லை. ஆனால் அதைத் தாண்டினான் என்று படகைப் பிடித்து வைப்பார்கள். கோட்டை கட்டிய ஒல்லாந்தர்களின் கல்லறைகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். ஒவ்வொரு கல்லிலும் பெயர், ஊர், வயது என்று அழுத்தமாக வெட்டியிருப்பார்கள். எட்டாவது படிக்கும்போது, சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு அந்த எழுத்துகளை நான் உரக்கப் படித்துக் காட்டுவேன். அர்த்தம் தெரியாது. படிக்கத் தெரிந்த கர்வம், வேறொன்றுமில்லை.

பிறகுதான் ஒரு சந்தேகம் வந்தது. இங்கே வந்து செத்த வெள்ளைக்காரப் பிள்ளையின் வயது வரை எழுதியிருக்கிறது. அவர்களுக்கு மீன் கொண்டுபோனவர்களின் பெயர் எங்கே? அவர்கள் கப்பலில் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்களே, அந்த ஆட்களின் பெயர் எங்கே? இரண்டு ஏரிக்கரை ஊர்களிலும் தேடியாகிவிட்டது. பிரபு, பாதிரியார், தளபதி எல்லோரும் இருக்கிறார்கள். ஏரியில் இறங்கினவர்கள் ‘மீனவர்கள்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டார்கள்.

3

ஒரு சனிக்கிழமை மதியம், அங்கே சாயங்காலம், ஏழுமலை அண்ணன் கூப்பிட்டார்.

“பாப்பா, நல்லா கீறியா? அங்க குளுரா?”

அண்ணன் குளிரைப் பற்றி விசாரித்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம்.

“சொல்லுங்கண்ணா.”

“பெரிசா ஒண்ணும் இல்ல. நீ அங்கதான் கீறேன்னு ஒரு பேப்பர் வேணும். சங்கத்துல கேக்கறாங்க. அப்பறம், ‘எனக்கு ஆட்சேபண இல்ல’னு ரெண்டு வரி. கையெழுத்துப் போட்டு போட்டோ புடிச்சு அனுப்பு, போதும்.”

“எதுக்கு ஆட்சேபணை இல்ல?”

“அதான்... சித்தப்பா பாடு.”

பாடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஏரியில் நல்ல மீன் விழும் இடங்களில் யார் வேண்டுமானாலும் வலை இறக்க முடியாது. முறை உண்டு. யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று குப்பத்தில் சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அந்த முறைதான் பாடு. ஒரு தலைக்கட்டுக்கு ஒரு பாடு. கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. கோயில் வரியும் அப்படித்தான் பிரிப்பார்கள். ஊரில் எத்தனை குடும்பம் என்று யாராவது கேட்டால் ‘இத்தனை தலைக்கட்டு’ என்றுதான் நாங்கள் சொல்வோம்.

நைனாவுக்கு முட்டி போய் மூன்று வருடமாகிறது. அவருடைய முறை வரும்போது அண்ணன்தான் வலை இறக்குகிறார். பெயர் நைனாவுடையது. அவருக்கு நான் ஒரே பிள்ளை.

“ஆபீசருங்க வந்து லிஸ்டு எடுக்கறாங்க பாப்பா,” என்றார் அண்ணன். “முகத்துவாரத்துல இன்னாமோ வேல வருதாம். ஏரிய நம்பிக் கீற குடும்பம் எத்தினினு எழுதிக் குடுக்கணுமாம். இப்ப கீற பேருக்கு மேல புதுசா ஒரு பேரும் ஏத்த முடியாதுன்றாங்க. என் பையன் தை மாசம்தான் கல்யாணம் கட்டினான். அவனுக்கு எடம் இல்ல. சித்தப்பா வூட்டோட கீறாரு. அவருக்கு அப்பறம்...”



“அவருக்கு அப்பறம்?”

“இன்னா பாப்பா, நீ படிச்சவ. உனக்குத் தெரியாதா?”

போனை வைத்த பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எங்கள் குப்பத்தில் பாடு கைமாறினால் கூட்டத்தில் வாயால் சொல்வார்கள், தீர்ந்தது. இதுவரை யாரும் யாரிடமும் காகிதம் கேட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. என்னிடம் மட்டும் ஏன்? நைனாவை ஏதோ சொல்லி மடக்கியிருக்கிறார்கள். இருக்கும்போதே அவர் பெயரை அடிக்கப் பார்க்கிறார்கள். லிஸ்டு என்று ஒன்று முதல்முறையாக எழுதப்படும்போது முனுசாமி என்ற அவர் பெயர் அதில் இல்லை என்றால், பிறகு நாங்கள் அந்த ஏரிக்காரர்கள்தான் என்று எதைக் காட்டுவது?

கேட்டதில் பாதியை மட்டும் கொடுப்பது என்று முடிவு செய்தேன். வசிப்பிடச் சான்று அனுப்புவேன். ஆட்சேபணை இல்லை என்ற இரண்டு வரியை அனுப்ப மாட்டேன். மீதிக்கு அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம்.

4

பதிவு அலுவலகத்தில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். “ஃப்ராவ் முனுசாமி”, அதாவது முனுசாமி அம்மாள், என்று கூப்பிட்டார்கள். இந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்துவிட்டது. மாலதி என்று என்னை இங்கே யாரும் கூப்பிடுவதில்லை. நோயாளிகள், டாக்டர், தபால்காரர் எல்லோருக்கும் நான் முனுசாமிதான். கடலைத் தாண்டியே இராத என் நைனாவின் பெயர் ஜெர்மனியில் ஒரு கதவு மணியில் ஒட்டியிருக்கிறது.

சான்று எதற்கு என்று அந்த அம்மாள் கேட்டார். என் அப்பாவின் ஏரிக்காக என்று சொல்ல நினைத்தேன். இவர்களுக்கு ஏரியும் கடலும் ஒரே சொல்தான். முன்னால் போடும் சின்னச் சொல் ஆண்பாலா பெண்பாலா என்பதை வைத்துப் பொருள் மாறும். நான் மாற்றிப் போட்டுவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்கள் அப்பாவுக்குச் சொந்தமாகக் கடல் இருக்கிறதா?”

“ஏரி,” என்று திருத்தினேன். எங்கள் ஊரில் இரண்டும் ஒன்றாகத்தான் கிடக்கிறது என்று விளக்க எனக்குப் பொறுமை இல்லை.

முத்திரை வைத்த தாள் கையில் வந்தது. முகவரி, பெயர், அதன் கீழே ‘குடும்பம்: ஒரு நபர்’ என்று ஜெர்மனில் இருந்தது. வீட்டுக்கு வந்து நானே தமிழில் தட்டினேன். மொழிபெயர்ப்பு எனக்கு ஒரு வேலையே இல்லை. ஜெர்மன் மொழிக்கான பி2 தேர்வில் முதல் தடவையிலேயே தேறியவள் நான். பத்து நிமிடத்தில் முடித்து, சங்கச் செயலாளர் தேசப்பன் மாமாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா.

“இன்னாடி எழுதி அனுப்பின நீ? ஊரே சிரிக்குது.”

“என்ன எழுதினேன்?”

“தேசப்பன் கூட்டத்துல வெச்சு சத்தமா படிக்கறான். ‘ஒரு தலைக்கட்டு, ஓர் ஆள்’னு. படிச்சுட்டு நிறுத்திட்டான். ‘இன்னாப்பா இது, முனுசாமி பொண்ணு ஜெர்மனில தலைக்கட்டு ஆயிட்டாளா’ன்றான்.”

 போனில் தேடிப் பார்த்தேன். அப்படித்தான் எழுதியிருந்தேன். ‘குடும்பம்’ என்று வர வேண்டிய இடத்தில், யோசிக்காமல் கை அதுபாட்டுக்குத் ‘தலைக்கட்டு’ என்று தட்டியிருக்கிறது. நாங்கள் குடும்பத்தை எண்ணுகிற சொல் அதுதானே.

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா, ஒருத்தன், ‘அங்க கோயில் வரி கட்றாளா கேளு’ன்றான். இன்னொருத்தன், ‘தலப்பா கட்டிக்கினு ஒரு போட்டோ அனுப்பச் சொல்லு’ன்றான். ஒரே கூத்து.”

“நீ அங்க இருந்தியா?”

“மீன் வித்துட்டு வந்துகினு இருந்தேன். வெளிய நின்னு கேட்டேன். எனக்கு வந்த கோவத்துக்கு, ‘கட்டுவாடா, உங்க தலப்பாவ விட நல்லாவே கட்டுவா’னு சொல்லிட்டு வந்துட்டேன்.” பிறகு தணிந்த குரலில் கேட்டாள். “ஏண்டி, தப்பாத்தான எழுதிட்ட?”

“ஆமாம்மா.”

“படிச்சவ தப்பா எழுதலாமா?”

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று போனை வைத்தேன். கோயில் வரி இங்கேயும் உண்டு என்பதை மட்டும் சொல்லியிருக்கலாம். ஊரில் பதிவு செய்யும்போதே மதம் என்ன என்று கேட்டு, கிறிஸ்தவர் என்றால் சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள். ஆனால் அவர்கள் ஆண் பெண் பார்ப்பதில்லை.

அந்த வாரம் பக்கத்து நகரமான லூபெக்கில் தமிழ் வகுப்பு எடுத்தேன். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஈழத் தமிழர்களின் பிள்ளைகளுக்கு. குடும்பம், உறவு, வீடு என்று சொற்கள் எழுதிப் போட்டேன். என் மனது எதில் இருந்ததோ, கரும்பலகையில் தலைக்கட்டும் வந்துவிட்டது. பத்து வயது அபிராமி கையைத் தூக்கினாள்.

“மிஸ், தலைக்கட்டு எண்டா தலைக்குப் பண்டேஜ் போடுறதோ?”

“இல்லடா.”

“நீங்கள் ஹொஸ்பிட்டல்ல அதுதானே செய்யிறனீங்கள்?”

பிள்ளைகள் ஜெர்மனில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். ஒரு வீட்டின் பொறுப்பை ஏற்கிற ஆள் என்று விளக்கினேன். “எங்கட வீட்டில அது அம்மாதான்,” என்று அபிராமி நோட்டில் எழுதிக்கொண்டாள். ‘தலைக்கட்டு = அம்மா.’ நான் திருத்தவில்லை. திருத்த வேண்டிய அவசியம் இருப்பதாக எனக்குப் படவில்லை. அவள் நாளைக்குத் தமிழில் எதை மறந்தாலும் இதை மட்டும் அந்த அர்த்தத்தில் ஞாபகம் வைத்திருக்கட்டும்.

5

அடுத்த நாள் அண்ணன் ஒரு போட்டோ அனுப்பினார். கூடவே குரல் செய்தி. “பாப்பா, நீ வெளாடறியா இன்னானு தெரில. இத்தப் பாரு. சித்தப்பாவே குடுத்துட்டாரு. உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி.”

கோடு போட்ட தாளில் தேசப்பன் மாமாவின் எழுத்து. முனுசாமி ஆகிய நான் என் பாட்டை என் அண்ணன் பேரனுக்கு விட்டுக் கொடுக்கிறேன், என் சுய விருப்பத்தின் பேரில், யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல். கீழே ஊதா மையில் நைனாவின் பெருவிரல்.

சுய விருப்பம், வற்புறுத்தல் இல்லாமல் என்றெல்லாம் எழுதியிருந்தால்தான் எனக்கு சந்தேகம் அதிகமாகும். படிக்கத் தெரியாதவர் விரலைப் பிடித்து எதில் வேண்டுமானாலும் வைக்கலாம். நான் பள்ளிக்கூடம் போனதே இதைத் தடுக்கத்தான் என்று நினைத்திருந்தேன். வேலையிலிருந்து அரைமணி முன்னதாகக் கிளம்பி, கரையில் சைக்கிளை நிறுத்தி, நைனாவைக் கூப்பிட்டேன்.

“நைனா, பேப்பர்ல உன் வெரல் இருக்குதே.”

“ஆமா.”

“யார் படிச்சுக் காட்டினாங்க?”

“யாரும் படிக்கல. நான் சொன்னேன், தேசப்பன் எழுதினான்.”

“நீ சொன்னியா?”

“ஆமான்றேன்.”

“ஏழுமலை அண்ணன் மெரட்டினாரா?”

நைனா சிரித்தார். “அவன் என்னிய மெரட்டுவானா? அவனுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்ததே நானு.”

“அப்ப என்கிட்ட எதுக்குக் காகிதம் கேக்கறாங்க? இதுவரைக்கும் யார்கிட்ட கேட்டிருக்காங்க?”

“உனக்கு பயந்துகினுதான்.”

“எனக்கா?”

“பின்ன? படிச்ச புள்ள, வெளிநாட்டுல கீது. நாளைக்கு வக்கீல் வெச்சு கோர்ட்டுக்குப் போயிட்டா இன்னா பண்றதுனு தேசப்பன் சொன்னான். உஷாரா எழுதி வாங்கிக்கோங்கன்னான்.”

நான் அவர்களைச் சந்தேகப்பட்டு ஜெர்மன் முத்திரையோடு பாதி காகிதம் அனுப்பினேன். அவர்கள் என்னைச் சந்தேகப்பட்டுக் காகிதமே கேட்டிருக்கிறார்கள். எங்கள் குப்பத்தில் வாய்ப்பேச்சு போதாது என்று முதல்முதலாக ஆனது என்னால்தான். வெட்கப்பட வேண்டிய விஷயம். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

“சரி நைனா, நீ ஏன் உன் பேர அடிக்கச் சொன்ன?”

 பின்னால் ஓடிய தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

“லிஸ்டு எழுதறப்ப ஒவ்வொருத்தனையும் எழுப்பிக் கேட்டாங்க. ‘உனக்கு அப்பறம் யாரு’னு. எல்லாரும் புள்ள பேரு சொன்னாங்க. எனக்கு முன்னாடி மூணு பேரு இருந்தாங்க. என் மொற வந்தா இன்னா சொல்றது? ‘இவனுக்கு ஆளு இல்ல’னு அவங்க வாயால சொல்லி அடிக்கறதுக்கு முன்னாடி நானே எழுந்து அடிச்சுக்கோனு சொல்லிட்டேன். அதுல ஒரு மரியாத கீதுல்ல?”

“என் பேர சொல்லியிருக்கலாமே.”

“நீ ஊர்ல இல்லியேம்மா.”

“ஊர்ல இருந்திருந்தா சொல்லியிருப்பியா?”

இந்தக் கேள்வியைக் கேட்டதும் பதில் தெரிந்துவிட்டது.

“பொம்பளப் புள்ள பேர எப்டி...” என்று நைனா ஆரம்பித்தார். அதற்குள் போன் கை மாறியது. அம்மாவின் குரல், என்னிடம் இல்லை, அவரிடம்: “இன்னா பொம்பள? மூணு வருசமா வூட்ல குந்திகினு துன்றியே, அது எந்த ஆம்பள கூடையத் தூக்கினு போயி வித்துட்டு வந்த சோறு?”

“நீ சும்மா இருடி.”

“நான் சும்மா இருந்தா அடுப்பும் சும்மா இருக்கும்.” பிறகு என்னிடம்: “நீ கையெழுத்துப் போடாத. நான் சொன்னேன்னு சொல்லு.”

அம்மா கையெழுத்தைப் பற்றி உத்தரவு போட்டதை அன்றுதான் முதலில் கேட்டேன்.

6

அண்ணனோடு பேசுவதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். அவர் நைனாவை ஏமாற்றவில்லை என்று தெரிந்த பிறகு என் கோபத்துக்கு நிற்க இடம் இல்லை. ஆனால் நைனா எழுந்து நின்று தன் பெயரைத் தானே அடிக்கச் சொன்ன காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை. நான் நேரில் பார்க்காத காட்சி அது. சைக்கிளில் கரையைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் வந்தது.

கடைசியில் கூப்பிட்டு நேராகவே சொன்னேன். “அண்ணா, நைனா பேர் லிஸ்ட்ல இருக்கட்டும். அவருக்கு அப்பறம் யாருனு கேட்ட எடத்துல என் பேர எழுதட்டும். பாடு வர்றப்ப உங்க பையன் வலை எறக்கட்டும். எத்தனை வருசம் வேணும்னாலும். நான் கேக்க மாட்டேன்.”

“பேரு உங்களுது, சேறு எங்களுதா?” என்றார்.

  மூன்று வருடமாக இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் அவர். அவருடைய மகனுக்கும் ஒரு பெயர் இருக்கிறது, அதுவும் லிஸ்டில் ஏறத்தான் வேண்டும். அவன் பெயரைச் சேர்க்க நைனாவின் பெயரை எடுக்க வேண்டும் என்று விதி போட்டது யார்? புதுப் பெயர் சேர்க்க முடியாது என்று ஆபீசர் எழுத்தில் கொடுத்தாரா, அல்லது யாரோ கேட்டதாக யாரோ சொன்னார்களா? இதை அண்ணனிடம் கேட்டேன்.

“எழுத்துல எங்க குடுத்தாங்க. தேசப்பன் சொன்னான்.”

“நீங்க கேட்டீங்களா?”

“நான் எங்க போயி கேக்கறது? நீயே வந்து கேளு. போன்ல எல்லாம் வேணாம். சீட்டு எடுக்கற அன்னிக்கு கூட்டத்துக்கு வந்து, நாலு பேரு மூஞ்சப் பாத்து சொல்லு. அத்தினி பேரும் சிரிப்பாங்க. அப்பவும் சொல்லுவியா பாக்கறேன்.”

“கூட்டத்துக்குள்ள பொம்பளைங்க வரலாமா?”

“அத்த வந்து கேளு,” என்றார். மிரட்டலா, உதவியா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. குரலில் இரண்டும் இருந்தது.

மறுநாளே தேசப்பன் மாமாவிடமிருந்து செய்தி வந்தது. சான்றில் பிழை இருக்கிறது, ‘தலைக்கட்டு’ என்பதை ‘குடும்பம்’ என்று திருத்தி அனுப்பவும், இல்லாவிட்டால் ஏற்க இயலாது.

நான் திருத்தவில்லை. விடுமுறை நாளில் ஹாம்பர்க் போனேன். அங்கே நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருக்கிறார். அவர் முத்திரை வைத்தால் அது அரசாங்க மொழிபெயர்ப்பு. தாளைப் பார்த்து, என் பழைய மொழிபெயர்ப்பையும் பார்த்துவிட்டு, “குடும்பம்னு போடலாமே? இது பேச்சு வழக்கு மாதிரி இருக்கே,” என்றார்.

“எங்க ஊர்ல அதுதான் சட்டம் சார். நீங்க அர்த்தம் சரியானு மட்டும் பாருங்க.”

“ஒரு குடும்பம், அதுக்கு நீங்க ஒருத்தர்தான் பொறுப்பு. அர்த்தம் சரிதான்.” பேனாவை எடுத்தார். “ஆனா நான் இதுவரைக்கும் ஒரு பெண்ணுக்கு இப்படி எழுதினதில்லை.”

“நானும் முதல்ல தெரியாமத்தான் எழுதினேன்.”

அவர் எழுதினார். வட்ட முத்திரையை இரண்டு முறை அழுத்தினார்.

அதோடு நானே ஒரு கடிதமும் எழுதினேன். முனுசாமியின் பெயர் நீக்கப்படுவதற்கு எனக்கு ஆட்சேபணை உண்டு. அவருக்குப் பின் யார் என்ற கேள்விக்குப் பதில் என் பெயர். என் அண்ணன் மகனுக்கும் இடம் தர வேண்டும். அது முடியாது என்றால், முடியாது என்று சொன்ன அதிகாரியின் எழுத்தைக் காட்ட வேண்டும். கூட்டத்தில் நேரில் பேச அனுமதி வேண்டும். அனுமதி இல்லை என்றாலும் வருவேன். இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு, அடித்துவிட்டு, மறுபடி எழுதினேன். பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டது. தேசப்பன் மாமா கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார். என்ன நினைத்தார் என்று தெரியாது.

அண்ணன் கூட்டத்தில் எந்தப் பக்கம் உட்காருவார் என்றும் தெரியாது. நைனா என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விடுவாரோ என்ற பயம்தான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கிறது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் வராதே என்பார், என்னால் அவரை மீற முடியாது. அம்மாவுக்கு மட்டும் தெரியும்.

இதை ஹாம்பர்க் விமான நிலையத்தில் உட்கார்ந்து முடிக்கிறேன். குப்பத்தில் பாட்டுக்குச் சீட்டு எடுப்பது ஞாயிற்றுக்கிழமை. விடுப்புக்கு மேலதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டார். பெட்டியைக் கொடுத்துவிட்டேன், உள்ளே போய்விட்டது.